பேஸ் கிதாருக்குச் சுருதி சேர்க்கும்போது

செட்டிநாட்டு வெயிலில் வண்டியில் எடுத்துவந்த பேஸ் கிதாருக்கு வீட்டுக்குள் நுழைந்ததுமே சுருதி சேர்ப்பது வீண்வேலை. எஃகுத் தந்திகள் வெப்பத்தில் நீண்டு சுருதி இறங்கியிருக்கும் என்பதால், வளவின் நிழலில் கால் மணி நேரம் வைத்திருந்துவிட்டுத் தொடங்குவதே நல்லது. (வீணைக்குப் பெயர்போன காரைக்குடியில் இருந்துகொண்டு சுருதியைப் பற்றி எழுதச் சற்றுத் தயக்கம்தான்.)

தடித்ததிலிருந்து மெல்லியது வரை நான்கு தந்திகளும் ஈ, ஏ, டி, ஜி என அமையும். ஈ தந்தியின் அதிர்வெண் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ் மட்டுமே. சுருதி காட்டும் கைப்பேசிச் செயலிகள் (டியூனர்கள்) அதைப் பல வேளைகளில் சரியாகப் பிடிப்பதில்லை. கிதாரின் கழுத்தில் குறுக்கே பதித்துள்ள கம்பிகளில் 12-ஆம் மெட்டுக்கம்பிக்கு நேர் மேலே, தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டினால், அதே சுரம் ஒரு ஸ்தாயி மேலே, சுமார் 82 ஹெர்ட்ஸில் தெளிவாக ஒலிக்கும். டியூனரின் முள்ளும் தடுமாறாது.

சுருதி கூடிவிட்டால் சிறிது இறக்கி அங்கேயே நிறுத்திவிடாமல், வேண்டியதற்கும் கீழே இறக்கி, மறுபடி ஏற்றியே நிறுத்த வேண்டும். இல்லையெனில் தந்தியை முறுக்கும் திருகியின் பற்சக்கரத்தில் எஞ்சியுள்ள தளர்வு, பாட்டு முடிவதற்குள் சுருதியைக் கெடுத்துவிடும். கிதார் போன்ற சிறிய நான்கு தந்தி வாத்தியமான உகுலேலேவுக்கும் இம்முறையே பொருந்தும். ஆனால் அதன் புதிய நைலான் தந்திகள் சில நாட்கள் இழுபட்டுக்கொண்டே இருப்பதால், அதுவரை ஒவ்வொரு முறை வாசிப்பதற்கு முன்பும் ஜி, சி, ஈ, ஏ நான்கையும் சரிபார்க்க வேண்டியிருக்கும்.