வயிற்றுப்போக்குக்கு ஒட்டுண்ணி காரணமா என்று அறியும் முறை

திடீரெனத் தொடங்கும் வயிற்றுப்போக்குக்குப் பெரும்பாலும் வைரஸ்களும் பாக்டீரியாக்களுமே காரணம். அது சில நாட்களில் தணிந்துவிடும். ஒரு வாரத்தைக் கடந்தும் நிற்காவிட்டால் ஒட்டுண்ணியைச் சந்தேகிக்க வேண்டும். கடும் நாற்றத்துடன் எண்ணெய்ப் பசையாக மிதக்கும் மலமும் வயிற்று உப்புசமும் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணியையும், இரத்தமும் சளியும் கலந்த மலம் அமீபாவையும் சுட்டலாம். ஆயினும் ஷிகெல்லா போன்ற பாக்டீரியாக்களும் இரத்தத்துடன் கழியச் செய்யும் என்பதால், அறிகுறியை மட்டும் நம்பி மருந்து வாங்கக் கூடாது.

மலப் பரிசோதனை அவசியம். ஒட்டுண்ணிகள் எல்லா நாளும் மலத்தில் வெளிப்படுவதில்லை. ஆகவே வெவ்வேறு நாட்களில் எடுத்த மூன்று மாதிரிகளை, சிறுநீர் கலக்காமல், சுத்தமான டப்பாவில் கொடுக்க வேண்டும். ஒரே மாதிரியை வைத்து ‘இல்லை’ என்று வரும் முடிவு என் பார்வையில் அரைகுறையானது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி வழக்கமான சோதனையில் தப்பிவிடக்கூடும் என்பதால், அதற்கான சோதனையை மருத்துவரிடம் தனியாகக் கேட்கலாம்.

முடிவு வரும்வரை ஓ.ஆர்.எஸ். கரைசலை அடிக்கடி பருக வேண்டும். மலத்தில் இரத்தம் இருந்தால், வயிற்றுப்போக்கை நிறுத்தும் மருந்தான லோபரமைடு வேண்டாம். அமீபாவுக்கு மெட்ரோனிடசோல் முடிந்ததும், குடலில் எஞ்சியவற்றை அழிக்க இரண்டாவது மருந்தும் தேவை. பலர் விட்டுவிடுவது இதைத்தான். தண்ணீரில் கலக்கும் குளோரினுக்குக் கிரிப்டோஸ்போரிடியம் எளிதில் அழியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். சிறுநீர் குறைந்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.