புதிய பிராட்பேண்ட் இணைப்பு உயிர்பெறும் நாளில்

இணைப்பு 'ஆக்டிவேட்' ஆகிவிட்டது என்ற குறுஞ்செய்தி வந்தபின்னும் இணையம் வராமல் போவது பலருக்கும் நேர்கிறது. நிறுவனத்தின் கணினியில் கணக்கு திறக்கப்படுவது, வீட்டுக்கு வரும் கம்பியில் சிக்னல் ஏறுவது, ரவுட்டர் தன் பயனர்பெயரைக் காட்டி உள்நுழைவது ஆகிய மூன்றும் வெவ்வேறு வேலைகள் என்பதால், ஒன்று முடிந்து மற்றொன்று நிலுவையில் நிற்கலாம். எது முடிந்தது என்பதை அறிய, வீட்டில் நிறுவிய இணையப் பெட்டியின் விளக்குகளைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும்.

ஃபைபர் இணைப்பு, அதாவது கண்ணாடி இழையில் ஒளியாக வரும் இணைப்பு என்றால், 'பான்' என்ற விளக்கு முதலில் மினுக்கும். பெட்டி, நிறுவனத்தின் பக்கம் உள்ள மறுமுனைக் கருவியிடம் தன்னைப் பதிவு செய்துகொண்டதும் நிலையாக எரியும். 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ ஒளி பெட்டியை வந்து சேரவில்லை என்று பொருள். இழை மடங்கியிருக்கலாம், இணைப்பு முனையில் தூசி படிந்திருக்கலாம், வெளியே எங்கேனும் அறுந்திருக்கலாம். அந்நிலையில் ரவுட்டரை எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை. பான் விளக்கு நிலையாக எரிந்தும் 'இன்டர்நெட்' விளக்கு எரியவில்லை என்றால் கம்பியில் குறை இல்லை. பயனர்பெயரோ கடவுச்சொல்லோ தவறாகப் பதியப்பட்டிருக்கிறது, அல்லது கணக்கு இன்னும் திறக்கப்படவில்லை. வாடிக்கையாளர் சேவையை அழைக்கும்போது "நெட் வரவில்லை" என்பதைவிட எந்த விளக்கு எந்த நிறத்தில் எரிகிறது என்று சொன்னால் பேச்சு பாதியாகக் குறையும்.

நிறுவ வந்தவர் கிளம்புவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுவது நல்லது: ஒளியின் அளவு என்ன? அவரிடம் உள்ள பவர் மீட்டரோ பெட்டியின் அமைப்புப் பக்கமோ அதை டிபிஎம் என்ற அலகில் காட்டும்; மைனஸுக்குப் பின் வரும் எண் கூடக்கூட ஒளி குறைவு என்று பொருள். வீடுகளில் பரவலாக உள்ள ஜிபான் வகைப் பெட்டிகளுக்கு மைனஸ் 8 முதல் மைனஸ் 27 வரை ஏற்கத்தக்க அளவு. மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 26 என்று காட்டினால் இன்று இணையம் ஓடும், ஆனால் இழை சற்று வளைந்தாலும் நின்றுவிடும்; ஆகவே அவர் இருக்கும்போதே முனையைத் துடைத்தோ மறுபடி ஒட்டவைத்தோ தரச் சொல்லலாம். ஃபைபர் கம்பியைச் சுவர் மூலையில் கூர்மையாக மடிக்கவும் கூடாது, கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது. அதில் வரும் ஒளி அகச்சிவப்பு என்பதால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம்.

முதன்முறை இயங்கும்போது ரவுட்டர் தன் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டு தானாகவே அணைந்து எழுவதுண்டு. அந்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்காமல் பொறுத்திருக்க வேண்டும். செப்புக் கம்பி வழியாக வரும் டிஎஸ்எல் இணைப்பில் இந்தப் பொறுமை சில நாள்களுக்குத் தேவைப்படலாம். கம்பி எந்த வேகத்தைப் பிழையின்றித் தாங்கும் என்பதை மறுமுனைக் கருவி அளந்து சரிசெய்யும்போது வேகம் ஏறி இறங்கும். ரவுட்டரை அடிக்கடி அணைப்பவர்களின் கம்பியை அது நிலையற்றது என்று கருதி வேகத்தைக் குறைத்துவிடவும் கூடும்.

வேகத்தைப் பற்றிய மனக்குறைகளில் பெரும்பகுதி வைஃபையால் வருவது, இணைப்பால் அல்ல. எனவே முதல் சோதனையை ரவுட்டருக்கும் கணினிக்கும் நேராக லேன் கம்பி மாட்டிச் செய்ய வேண்டும். 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) இணைப்பில் கோப்பு ஒன்று விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாகவே இறங்கும், ஏனெனில் 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டியும் சோதனை ஒவ்வொரு முறையும் 94க்கு அருகிலேயே நிற்கிறது என்றால், பழுதான கம்பியோ 100 எம்பிபிஎஸ் மட்டுமே தாங்கும் போர்ட்டோ (கம்பி செருகும் இடம்) இடையில் இருப்பது ஏறக்குறைய உறுதி. கம்பியில் சரியாக வந்து வைஃபையில் குறைந்தால், அருகில் இருக்கும் கருவிகளை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலும் சுவர்கள் தாண்டி இருப்பவற்றை 2.4 கிகாஹெர்ட்ஸிலும் சேர்த்துப் பார்க்கலாம். ரவுட்டரை அலமாரிக்குள் ஒளித்துவைப்பது அழகுக்கு உதவுமே தவிர, அலைக்கு உதவாது.

வைஃபை கடவுச்சொல்லை மாற்றுபவர்கள், ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான கடவுச்சொல்லை மறந்துவிடுகிறார்கள். இரண்டையும் அன்றே மாற்றி, பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக இருப்பதையும் பார்த்துவிட வேண்டும்.

பழைய இணைப்பு இருந்தால் அதை உடனே துண்டிக்க வேண்டாம். பகலில் சீராக ஓடும் இணைப்பு, அக்கம்பக்கத்தார் எல்லாரும் இணையத்தில் இருக்கும் இரவு வேளையில் திணறுவதுண்டு. ஒரு வாரம் இரவு நேரங்களிலும் லேன் கம்பியில் வேகத்தைச் சோதித்து, தேதியுடன் குறித்துவைத்துக்கொண்டு, அதன்பின் பழையதை நிறுத்தச் சொல்லி எழுதலாம்.