மூட்டுவலி மாத்திரை சாப்பிடுறவங்க அட்டையைத் திருப்பிப் பாருங்க

மெடிக்கல் ஷாப் கவுன்டர்ல நிக்கிற எனக்கு பாதி நாள் வர்ற சீட்டு என்னன்னா, கத்தரியால வெட்டின ஒரு துண்டு அட்டை, அதுல காலியான ரெண்டு குழி, "தம்பி இதே மாத்திரை பத்து குடுப்பா, முட்டி வலி தாங்கல". அந்தத் துண்டுல பேர் பாதிதான் இருக்கும், எத்தனை எம்ஜின்னு இருக்காது, எக்ஸ்பைரி தேதி வெட்டுல போயிருக்கும். அதனால டாக்டர் எழுதின மாத்திரையை முடிஞ்சவரை முழு அட்டையா வாங்குங்க, இல்லாட்டி பேரை பில்லுல எழுதி வாங்குங்க. பேர் தெரியாம பல மாத்திரையைச் சேத்துக் குடுக்குற "செட் மாத்திரை", மூட்டுவலிக்குன்னு விக்கிற பொடி ரெண்டும் வேண்டவே வேண்டாம், உள்ள ஸ்டீராய்டு கலந்திருந்தா உங்களுக்குத் தெரியவே போறதில்ல.

அட்டையில பெருசா இருக்குறது கம்பெனி வச்ச பேர், மருந்து எதுன்னு கீழ பொடி எழுத்துலதான் இருக்கும். டைக்லோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சென், எட்டோரிகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பம், அதுல ஒரு நேரத்துல ஒண்ணுதான். மூட்டுக்கு ஜீரோடால் (அசிக்ளோஃபெனாக்) சாப்பிட்டுட்டு இருக்கும்போது பல் டாக்டர் காம்பிஃப்ளாம் (உள்ள ஐபுப்ரோஃபென்) எழுதினா, அவருக்கு உங்க முட்டி மாத்திரை பத்தித் தெரியாது, நீங்கதான் சொல்லணும். ரெண்டையும் சேத்துப் போட்டா வலி கூடுதலா குறையப் போறதில்ல, வயித்துல புண் வர்ற வாய்ப்புதான் ஏறும். இன்னொண்ணு, ஜீரோடால்-பின்னு இருந்தா அந்த பி பாராசிட்டமால், 325 எம்ஜி, அதுக்கு மேல டோலோ 650 போட்டா அதுவும் பாராசிட்டமால் கணக்குல சேரும்.

டைக்லோஃபெனாக் ஒரு நாளைக்கு 150 எம்ஜிக்கு மேல கூடாது, அசிக்ளோஃபெனாக் வழக்கமா 100 எம்ஜி ரெண்டு வேளை, ஆனா உங்களுக்கு எவ்ளோன்னு டாக்டர் எழுதினதுதான் கணக்கு. வலி அடங்குற குறைஞ்ச அளவு, எத்தனை நாள் தேவையோ அத்தனை நாள், அவ்ளோதான். ஒரு வேளை மறந்துட்டா அடுத்த வேளைக்கு ரெண்டா போடாதீங்க, எஸ்ஆர் (மருந்தை மெதுவா விடுற) மாத்திரையை உடைச்சோ மென்னோ சாப்பிடாதீங்க.

சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க, வெறும் காபியோட வேண்டாம். வலியை உண்டாக்குற, உடம்பே சுரக்குற ப்ராஸ்டாகிளாண்டின்ங்கிற பொருள்தான் வயித்து உள்சுவரையும் காப்பாத்துது, கிட்னிக்கு ரத்தம் போறதையும் பாத்துக்குது, மாத்திரை அதை அடக்கும்போது எல்லா இடத்துலயும்தான் அடங்கும். 65 வயசு தாண்டினவங்க, முன்னாடி அல்சர் வந்தவங்க, ரத்தம் உறையாம இருக்கப் போடுற க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின், இல்ல ஸ்டீராய்டு சாப்பிடுறவங்களுக்கு கூடவே வயித்து அமிலத்தைக் குறைக்கிற பான்டோப்ரசோல் எழுதுவாங்க. அதை சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி போடணும், நிறைய பேர் எல்லாத்தையும் ஒரே கையில அள்ளி சாப்பாட்டுக்கு அப்புறம்தான் போடுறாங்க. அது வயித்தைத்தான் காக்கும், கிட்னியை இல்ல.

கிட்னி விஷயம் நான் அதிகம் பயப்படுறது. பிபிக்கு டெல்மிசார்டன், எனலாப்ரில் மாதிரி மாத்திரை, அதோட நீர் மாத்திரை (ஒண்ணுக்கு அதிகமா போக வைக்கிறது), அதுக்கு மேல இந்த வலி மாத்திரை, மூணும் சேந்தா கிட்னிக்குப் போற ரத்தம் குறைஞ்சு க்ரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த அளவு) ஏறலாம். உங்க டெல்மிசார்டன் அட்டையில பேருக்குப் பின்னாடி எச்னு போட்டிருந்தா அதுக்குள்ளயே நீர் மாத்திரை இருக்கு, தனியா ஒண்ணு சாப்பிடலையேன்னு நினைக்காதீங்க. வாந்தி, பேதி வந்து உடம்புல தண்ணி வத்துற நாள்ல வலி மாத்திரையை நிறுத்திட்டு டாக்டருக்கு போன் போடுங்க. மாட்டுக்குப் போட்ட டைக்லோஃபெனாக், செத்த மாட்டைத் தின்ன பிணந்தின்னிக் கழுகுகளோட கிட்னியை செயலிழக்க வச்சு கூட்டம் கூட்டமா கொன்னுச்சு, அதனாலதான் 2006ல இந்தியாவுல கால்நடைக்கு அதைத் தடை பண்ணாங்க. மனுஷன் கிட்னி அந்த அளவுக்கு நோஞ்சான் இல்ல, இருந்தாலும் மாசக்கணக்கா சாப்பிடுறவங்க க்ரியாட்டினின், ஹீமோகுளோபின், லிவர் டெஸ்ட், பிபி எல்லாத்தையும் டாக்டர் சொல்ற இடைவெளியில பாத்துக்கணும்.

ஸ்டென்ட் வச்சவங்க, பைபாஸ் பண்ணவங்க, ஸ்ட்ரோக் வந்தவங்க டாக்டர் கிட்ட சொல்லாம இதைத் தொடவே கூடாது. இதே வகை மருந்தான ரோஃபிகாக்சிப்பை 2004ல கம்பெனியே வாபஸ் வாங்குச்சு, காரணம் ஹார்ட் அட்டாக். பிபி 140/90க்கு மேலயே நின்னா எட்டோரிகாக்சிப் கூடாது. இதயத்துக்கு ஆஸ்பிரின் 75 சாப்பிடுறவங்களுக்கு ஐபுப்ரோஃபென் அந்த ஆஸ்பிரினோட வேலையைக் கெடுக்கும், எதை எந்த நேரத்துல போடணும்னு டாக்டர் கிட்ட கேட்டுக்கோங்க. ஆஸ்துமா இருந்தாலும், கர்ப்பமா இருந்தாலும் முதல்லயே சொல்லிடுங்க.

மழைக் காலத்துல காய்ச்சல் வந்தா வலி மாத்திரையை அப்படியே நிறுத்துங்க. டெங்குவா இருந்தா இது ரத்தக்கசிவைக் கூட்டும், டாக்டர் பாக்குற வரைக்கும் பாராசிட்டமால் மட்டும்.

முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருக்குறவங்க இதைக் கவனமா படிங்க. இந்த மாத்திரை வலியையும் வீக்கத்தையும்தான் குறைக்கும், மூட்டு தேயுறதைத் தடுக்குறது வாரம் ஒரு தடவை போடுற மெத்தோட்ரெக்சேட் மாதிரி மருந்துங்கதான். வலி இல்லையேன்னு அதை விட்டுட்டு இதை மட்டும் வாங்க வர்றவங்களைப் பாத்தா மனசு கஷ்டமா இருக்கு, விரல் கோணினதுக்கு அப்புறம் நேராக்குறது ரொம்ப கஷ்டம். வயசானா வர்ற முட்டித் தேய்மானம்னா டைக்லோஃபெனாக் ஜெல்லை முதல்ல கேட்டுப் பாருங்க, ரத்தத்துல கலக்குறது ரொம்பக் கம்மி, தடவின இடத்துல ஒத்தடம் மட்டும் வேண்டாம்.

மலம் தார் மாதிரி கருப்பா போனா (இரும்புச்சத்து மாத்திரையாலயும் கருக்கும், ஆனா நீங்களா முடிவு பண்ணாதீங்க), காபித்தூள் மாதிரி வாந்தி வந்தா, நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், கால் முகம் வீக்கம், ஒண்ணுக்கு குறையுறது, உடம்புல தடிப்போட வாய்ப்புண், இதுல எது வந்தாலும் அடுத்த வேளை மாத்திரை போடாம அட்டையையும் கையில எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க, ராத்திரி ஆனாலும் காலையில பாத்துக்கலாம்னு இருக்காதீங்க.