மெயில் சர்வரிலேயே ஸ்பேமை வடிகட்டுவது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

முப்பது பேர் வேலை செய்யும் இடத்தில் முப்பது பேரும் தினமும் ஒரே குப்பையைத் தனித்தனியாக அழித்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் இருக்கும் மெயில் சர்வரில் ஒரே இடத்தில் அந்த வேலையை முடித்துவிடலாம். கடிதங்களை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ் உங்களிடம் ஏற்கெனவே ஓடுகிறது, அஞ்சல் பெட்டிகளை டவ்காட் பார்த்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அதோடு ஆர்ஸ்பேம்டி என்ற வடிகட்டியைச் சேர்க்கப் போகிறோம்.

கை வைப்பதற்கு முன் ஒரு விஷயம். வரும் கடிதத்தை ஒன்று வாங்கி இன்பாக்ஸிலோ ஜங்க் ஃபோல்டரிலோ போட வேண்டும், இல்லையென்றால் அனுப்பும் சர்வர் இணைப்பில் இருக்கும்போதே வாசலில் வைத்து 550 மாதிரியான மறுப்புக் குறியீட்டைச் சொல்லி மறுத்துவிட வேண்டும். வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழிப்பது கூடவே கூடாது. அனுப்பியவர் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார், பெற வேண்டியவருக்கோ அப்படி ஒன்று வந்ததே தெரியாது. வாங்கிய பிறகு பவுன்ஸ், அதாவது 'கடிதம் சேரவில்லை' என்ற மெயில், அனுப்புவதும் தப்புதான், ஏனென்றால் ஸ்பேமில் இருக்கும் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி, நீங்கள் திருப்பி அனுப்புவது சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவர் தலையில் போய் விழும். வாசலிலேயே மறுத்தால், நல்ல கடிதம் தவறி மாட்டினாலும் அனுப்பியவருக்கு அவருடைய சர்வரே தகவல் சொல்லிவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். ஆர்ஸ்பேம்டியையும், அது கற்றதை நினைவில் வைத்துக்கொள்ள ரெடிஸ் என்ற தரவுத்தளத்தையும் நிறுவுங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் முதன்மை அமைப்புக் கோப்பில், வெளி வடிகட்டியை இணைக்கும் மில்டர் வரியில் இதே கணினியின் 11332 போர்ட்டைக் கொடுங்கள். வடிகட்டி நின்றுபோனால் என்ன செய்வது என்று கேட்கும் வரியில் 'ஏற்றுக்கொள்' என்று வையுங்கள், நாலு ஸ்பேம் உள்ளே வந்தாலும் கடிதப் போக்குவரத்து நிற்காது.

அடுத்தது டிஎன்எஸ், அதாவது இணையப் பெயர்களுக்கு ஐபி முகவரி தேடித் தரும் சேவை. பலர் சறுக்குவது இங்கேதான். ஸ்பேம் அனுப்பும் ஐபி முகவரிகளின் தடைப்பட்டியலை வடிகட்டி டிஎன்எஸ் வழியாகத்தான் கேட்கும். ஸ்பேம்ஹவுஸ் மாதிரியான பட்டியல்கள், எல்லோரும் பயன்படுத்தும் பொது டிஎன்எஸ் வழியாக வரும் கேள்விக்குப் பதிலாக 127.255.255.254 என்ற பிழைக் குறியீட்டைத் தருகின்றன. போஸ்ட்ஃபிக்ஸில் நேரடியாக அந்தப் பட்டியலைச் சேர்த்து, எந்தப் பதிலை மட்டும் ஏற்க வேண்டும் என்று குறிப்பிடாமல் விட்டால், அது இந்தப் பிழையையும் 'பட்டியலில் இருக்கிறது' என்றே எடுத்துக்கொண்டு உலகத்தில் இருந்து வரும் அத்தனை கடிதங்களையும் மறுத்துவிடும். அதனால் சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் நிரலை நிறுவி, அதையே டிஎன்எஸ் கேட்கும் இடமாக வையுங்கள். பட்டியல் பார்க்கும் வேலையை ஆர்ஸ்பேம்டியிடமே விடுங்கள்.

இப்போது மதிப்பெண். எஸ்பிஎஃப் (ஒரு டொமைன் பெயரில் கடிதம் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்ற பதிவு) பொருந்தவில்லை, டிகிம் (கடிதம் வழியில் மாறவில்லை என்று காட்டும்) கையொப்பம் உடைந்திருக்கிறது, கடிதத்துக்குள் இருக்கும் லிங்க் சந்தேகமாக இருக்கிறது என்று ஒவ்வொரு தடயத்துக்கும் ஒரு மதிப்பெண் கூடிக்கொண்டே போகும். ஆர்ஸ்பேம்டியில் இயல்பாக 4-ஐத் தொட்டால் கிரேலிஸ்ட், 6-ல் ஸ்பேம் முத்திரை, 15-ல் மறுப்பு. கிரேலிஸ்ட் என்றால் 'கொஞ்சம் கழித்து வா' என்று தற்காலிகமாகத் திருப்புவது. ஒழுங்கான சர்வர் மறுபடி வரும், ஸ்பேம் அனுப்பும் நிரல்கள் பல வராது. என்ன, ஓடிபி கடிதம் இதில் சிக்கினால் காலாவதியான பிறகுதான் வந்து சேரும்.

முதல் ஒரு வாரம் மறுப்பு எல்லையை 150-க்கு ஏற்றிவிட்டு வேடிக்கை மட்டும் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. முதன்முதலில் நான் அமைத்தபோது, நிறைய ஸ்பேம் வருகிறதே என்று அவசரப்பட்டு 15-ஐ 7 ஆக இறக்கினேன். இரண்டாவது நாளே ஒருவருக்கு வந்த வேலை நியமனக் கடிதம் வாசலோடு திரும்பிப் போனது. லாகைத் திறந்து பார்த்தால், அனுப்பிய நிறுவனத்தின் எஸ்பிஎஃப் பதிவில் பிழை, கடிதம் முழுக்கப் படமாக இருந்தது, இரண்டும் சேர்ந்து 7-ஐத் தாண்டியிருக்கிறது. அந்த மனிதர் மூன்று வாரமாக அந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தவர்.

முத்திரை விழுந்த கடிதத்தை ஜங்குக்கு நகர்த்த டவ்காட்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சீவ் விதி (கடிதங்களைப் பிரித்துப் போடும் விதி) போதும்: ஆர்ஸ்பேம்டி சேர்க்கும் எக்ஸ்-ஸ்பேம் என்ற ஹெடர் வரியில் 'யெஸ்' இருந்தால் ஜங்கில் போடு.

அப்புறம் பயிற்சி. பயனர் ஒரு கடிதத்தை ஜங்குக்கு இழுத்தால் 'இது ஸ்பேம்' என்றும், ஜங்கிலிருந்து வெளியே எடுத்தால் 'இது நல்லது' என்றும் வடிகட்டி கற்றுக்கொள்ளும்படி டவ்காட்டின் ஐமேப்சீவ் என்ற செருகுநிரலை அமைக்கலாம். ஜங்கிலிருந்து குப்பைத்தொட்டிக்குப் போவதை மட்டும் விதியில் விலக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பயனர் அழிக்கும் ஒவ்வொரு ஸ்பேமையும் நல்ல கடிதம் என்று அது படித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் குறைந்தது 200 கடிதங்கள் சேரும் வரை கற்றதை வைத்துக் கணிக்கும் பேய்ஸ் முறை வேலை செய்யாது, அதனால் நல்ல கடிதங்களையும் மறக்காமல் கொடுங்கள்.

சோதித்துப் பார்க்க ஜிடியூப் என்ற 68 எழுத்துச் சோதனை வரி இருக்கிறது. அதை வெளியில் உள்ள ஒரு முகவரியிலிருந்து உங்களுக்கே அனுப்புங்கள், மறுக்கப்பட வேண்டும். மறுப்புச் செய்தி அனுப்பிய பக்கம் திரும்பி வந்ததா என்றும் பாருங்கள்.

வாரம் முடிந்ததும், 15-ஐத் தாண்டிய கடிதங்களை லாகில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒன்றுகூட நல்ல கடிதம் இல்லை என்றால் எல்லையை 15-க்கே கொண்டுவாருங்கள். ஜங்கில் 30 நாள் ஆன கடிதங்களைத் தானாக அழிக்க டவ்காட்டிலேயே வசதி உண்டு, அதைப் போட்டுவிட்டு, வாரம் ஒருமுறை ஜங்கைத் திறந்து பாருங்கள் என்று எல்லோருக்கும் ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள்.