உயரம் குறைந்த பிட்சரா? கல்லூரி கோச்சுக்கு இதைக் காட்டுங்கள்

அமெரிக்கக் கல்லூரி பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், என்றால் உயரமும் வேகமும்தான் முதலில் கண்ணில் படும். உங்கள் பிள்ளை சின்ன உருவமா? மனம் தளர வேண்டாம். 5 அடி 7 அங்குல மார்கஸ் ஸ்ட்ரோமன், டியூக் பல்கலைக்கழகத்துக்காகப் பந்து வீசி தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2012 டிராஃப்டில் முதல் சுற்றிலேயே தேர்வானார்.

முதல் வேலை, ஒரு நல்ல வீடியோ. இரண்டு நிமிடம் போதும், பின்னணிப் பாட்டெல்லாம் வேண்டாம். பந்தைப் பிடிக்கும் கேட்சருக்குப் பின்னாலிருந்து எடுங்கள். கேட்சர் நீட்டிய கையுறை அசையாமல் இருக்க, பந்து நேராக அதற்குள் போய் விழுவது தெரிய வேண்டும். வேகப்பந்தான ஃபாஸ்ட்பாலுக்கும், அதே போல வீசி மெதுவாக வரும் சேஞ்சப்புக்கும் கை ஒரே மாதிரி சுழல்வதைப் பக்கவாட்டில் காட்டுங்கள். வேகத்தை மட்டும் கூட்டிச் சொல்லாதீர்கள். கல்லூரிப் பயிற்சி முகாமுக்குப் போனால் வேகம் அளக்கும் ரேடார் கன் சொல்லிவிடும்.

மின்னஞ்சலைப் பிள்ளையே எழுதட்டும். பதினோராம் வகுப்பு தொடங்கும் ஆண்டின் ஆகஸ்ட் 1-க்கு முன்னால் டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் உச்சப் பிரிவு) கோச்கள் வீரர் தேர்வு பற்றிப் பேச விதி இடம் தராது. அதனால் பதில் வராவிட்டால் கலங்காதீர்கள். உடம்பு தேற இன்னும் காலம் வேண்டுமென்றால், பள்ளி முடித்துச் சேரும் இரண்டு ஆண்டு ஜூனியர் காலேஜ் அருமையான வழி. அப்புறம், தோள் வலியோடு ஒரு பந்துகூட வீச விடாதீர்கள்.