அரபு நேர்காணலை டேனிஷ் மொழியில் பெயர்க்க: ஊடகப் பணிக்குத் தகுந்தவரைக் கண்டறியும் முறை

டென்மார்க்கில் ஒளிபரப்பாகவிருக்கும் ஆவணப்படத்துக்கோ செய்தித் தொகுப்புக்கோ அரபு மொழிபெயர்ப்பாளரைத் தேடுபவர், கட்டணம் கேட்பதற்கு முன்பே, தம் பதிவில் பேசப்படுவது எந்த ஊர் அரபு என்பதை அறிந்துகொள்ள வேண்டும். எழுத்து வழக்கு பெரும்பாலும் ஒன்றே. பேச்சு வழக்கு அப்படியன்று. 'மாஷி' என்றால் கெய்ரோவில் 'சரி'. மொரோக்கோவில் அதே ஒலி 'அல்ல' என்னும் மறுப்பு. 'ஆஃபியா' லெபனானில் உடல்நலம், மொரோக்கோவில் நெருப்பு. ஒருவர் ஒப்புக்கொண்டாரா மறுத்தாரா என்பதே இதனால் தலைகீழாகிவிடலாம். டென்மார்க்கில் பாலஸ்தீன, ஈராக்கிய, சிரிய வேர்களைக் கொண்டவர்கள் கணிசமாக வாழ்வதால் அவ்வழக்குகளை அறிந்தவர் எளிதில் கிடைப்பார். அல்ஜீரிய, துனீசியப் பேச்சுக்குத் தேடலைச் சற்று முன்னதாகவே தொடங்குவது நல்லது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு அரசு வழங்கிவந்த அங்கீகாரம் 2016 ஜனவரி 1 முதல் அங்கு நீக்கப்பட்டுவிட்டது. எனவே பெயருக்குப் பின்னுள்ள பட்டத்தை மட்டும் நம்பாமல், தொழில்முறைச் சங்கங்களின் உறுப்பினர் பட்டியலிலிருந்து தொடங்கலாம். டென்மார்க் பத்திரிகையாளர் சங்கத்துக்குள் திரை மொழிபெயர்ப்பாளர்களுக்கெனத் தனிக் குழு இருக்கிறது. ஊடகப் பணிக்கு அதுவே முதலில் தட்ட வேண்டிய கதவு என்பது என் கருத்து. கோபன்ஹேகன், ஆர்ஹுஸ் பல்கலைக்கழகங்களின் அரபுத் துறைகளிலும் விசாரிக்கலாம்.

அங்கே பெரியவர்களுக்கான அயல்மொழி நிகழ்ச்சிகளுக்குப் பெரும்பாலும் பின்னணிக் குரல் கொடுப்பதில்லை, வசனத்தை எழுத்தாகத் திரையில் இடுகிறார்கள். இரண்டே வரி, வரிக்கு ஏறத்தாழ நாற்பது எழுத்து. நீண்ட அரபு வாக்கியத்தைப் பொருள் சிதையாமல் அதற்குள் சுருக்குவது தனித் திறமை. சான்றிதழ் மொழிபெயர்ப்பில் தேர்ந்தவருக்கும் அது கைவராமல் போகலாம். 'இன்ஷா அல்லாஹ்' என்ற ஒரே தொடர் ஒருவர் வாயில் உறுதிமொழியாகவும் இன்னொருவர் வாயில் நயமான மறுப்பாகவும் வரும். எதுவென்பதைக் குரலைக் கேட்டுத்தான் முடிவுசெய்ய முடியும். ஆகவே எழுத்துப்படியை மட்டும் அனுப்பாமல் காணொளியையே கொடுக்க வேண்டும்.

தேர்வுக்கு, உங்கள் பதிவிலேயே கடினமான இரண்டு நிமிடங்களை எடுத்துக்கொடுத்து, அதற்குக் கட்டணமும் கொடுங்கள். தெளிவாகக் கேட்காத இடத்தை ஊகித்து நிரப்பாமல் நேரக் குறியுடன் குறித்துக்காட்டுபவரை நம்பலாம். பின்னர் முதல் மொழிபெயர்ப்பைக் காட்டாமல் வேறொருவரிடம் அதே பகுதியைக் கொடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். டென்மார்க்கின் டி.வி. 2 தொலைக்காட்சி அங்குள்ள மசூதிகளில் மறைவாகப் பதிவுசெய்து 2016-இல் ஒளிபரப்பிய அரபு உரையாடல்கள் நாடாளுமன்றம் வரை விவாதிக்கப்பட்டன. அத்தகைய பணியில் ஒரே காதை நம்புவது பேசியவருக்கும் பார்வையாளருக்கும் செய்யும் அநீதியாகும்.

அரபுலகில் உறவினர் உள்ளவர்களின் பேட்டியானால், இரகசியம் காப்பதற்கான எழுத்து உடன்படிக்கை கட்டாயம் வேண்டும்; பேசுபவரோடு மொழிபெயர்ப்பாளருக்குக் குடும்ப அல்லது அரசியல் தொடர்பு உண்டா என்பதையும் வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள்.

திரை வசனங்கள் அடங்கிய கணினிக் கோப்பினை யு.டி.எஃப்-8 (பல மொழி எழுத்துகளையும் ஏற்கும் கணினிக் குறியீட்டு முறை) வடிவில் பெறாவிட்டால் டேனிஷின் மூன்று தனி உயிரெழுத்துகள் திரையில் சிதையக்கூடும். படத்தொகுப்பில் ஒரு வாக்கியத்தின் பாதி வெட்டப்பட்டாலும் அதன் பொருள் மாறக்கூடும் என்பதால், இறுதி வடிவத்தை மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை முழுவதும் பார்ப்பதற்கான ஊதியத்தை ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள்.