கோய் மீன் கண்காட்சி: நடுவர் முதலில் பார்ப்பது எதை?

கண்காட்சிக்குக் கோய் மீனை, அதாவது ஜப்பானில் உருவான வண்ண அலங்காரக் கெண்டை மீனைத் தேர்ந்தெடுப்போர் பலரும் முதுகிலுள்ள சிவப்புத் திட்டுகளில் மயங்கிவிடுகிறார்கள். நடுவர்களோ உடலமைப்பையே முதலில் பார்க்கிறார்கள். மீன்கள் நீல நிறத் தொட்டிகளில் விடப்பட்டு மேலிருந்தே மதிப்பிடப்படுவதால், தோள்பகுதி அகன்று, வாலை நோக்கிச் சீராக ஒடுங்கி, முதுகெலும்பு நேராக அமைந்து, நீந்தும்போது உடல் ஒருபக்கமாகக் கோணாமல் இருப்பது பெரிதும் மதிக்கப்படுகிறது. வாய் கோணலாகவோ செவுள்மூடி குறைபட்டோ இருந்தால், வண்ணம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பரிசு கிடைப்பது அரிது.

தோலின் பளபளப்பும் நிறத்தின் அடர்த்தியும் அதற்கு அடுத்தே வருகின்றன. திட்டுகளின் அமைப்பு கடைசியில்தான். வெள்ளையும் சிவப்பும் மட்டுமே கொண்ட கொஹாகு வகையில் வெண்மை மஞ்சளிக்காமலும், சிவப்புத் திட்டின் பின்விளிம்பு கத்தரித்தாற்போலத் தெளிவாகவும், வாலுக்குச் சற்று முன்பே சிவப்பு நின்று வெண்மை தெரியும்படியும் இருக்க வேண்டும். கருமையும் சேர்ந்த சான்கே, ஷோவா ஆகிய இரண்டையும் பிரித்தறியத் தலையைப் பார்த்தாலே பெரும்பாலும் போதும்: சான்கேயின் தலையில் கருமை இருக்கலாகாது, ஷோவாவுக்கோ அங்கே கருமை வேண்டும், மார்புத் துடுப்புகள் உடலோடு சேரும் அடிப்பகுதியிலும் வேண்டும். தாஞ்சோ வகையில் தலையிலுள்ள ஒற்றைச் சிவப்புப் பொட்டு கண்களைத் தொடாமல் நடுவில் அமைந்திருப்பதே சிறப்பு.

பலர் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு: கண்காட்சிக்குச் சில நாட்கள் முன்பே உணவை நிறுத்திவிட்டால், மீனைக் கொண்டுசெல்லும் பையிலும் தொட்டியிலும் கழிவு குறைந்து, நச்சான அம்மோனியா அதிகம் ஏறாது; மீனும் களைப்பின்றி நீந்தும்.